கைலிக்கு வானத்தில் இடமுண்டா?

எங்கள் நோணாங்குப்பம் பக்கத்தில் விமானம் ஏற உடுத்துவது, பெண் பார்க்கப் போக உடுத்துவதைவிடப் பெரிய காரியம். பெண் பார்க்கப் போன இடத்தில் சரிப்படவில்லை என்றால் பஜ்ஜியையும் காபியையும் முடித்துக்கொண்டு கிளம்பிவிடலாம். விமானத்தில் காசு முன்கூட்டியே போய்விடுகிறது, பஜ்ஜியும் கிடையாது. அதனால் வெளிநாட்டுப் பயணம் வைத்திருக்கும் வீடுகளில், பெட்டியை எடை போடும் சடங்கோடு உடைப் பஞ்சாயத்தும் சேர்ந்தே நடக்கும்.

வெளிநாடு என்றால் எங்களுக்குப் பெரும்பாலும் பாரீசுதான். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, பிரெஞ்சுக் குடியுரிமையோடும் பிரெஞ்சுப் பென்ஷனோடும் ஊர் திரும்பியவர்களைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்போம். உறவில் ஒரு சொல்தா இல்லாத குடும்பம் எங்கள் சுற்றுவட்டாரத்தில் குறைவு. எனக்கும் பெரியப்பா முறையில் ஒருவர் இருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை மகன் வீட்டுக்குப் பாரீசு போவார். போகும்போது கறுப்புக் கோட்டு, கழுத்தில் டை, முகம் பார்க்கலாம் போல் பளபளக்கும் சப்பாத்து. ஏப்ரல் மாத நடுப்பகலில் இந்தக் கோலத்தில் காரில் ஏறி, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மீனம்பாக்கம் போய்ச் சேர்வதற்குள் அவரிடமிருந்து வடியும் வியர்வையைச் சுண்ணாம்பாற்றில் விட்டால் படகு ஒரு விரற்கடை மேலே நிற்கும்.

"பெரியப்பா, கோட்டையாவது கழட்டி மடியில வெச்சிக்குங்களேன்" என்றேன் ஒருமுறை, வழியனுப்பப் போனபோது.

"ஏரோப்ளேன்ல ஏர்றதுன்னா ஒரு மரியாதை வேணாமாடா? பாகூர் பஸ்ல தொத்துற மாதிரியா தொத்துறது?" என்றார்.

பக்கத்தில் பாரீசிலேயே பிறந்து வளர்ந்த பேரன் உட்கார்ந்திருந்தான். லீவுக்கு வந்தவன் தாத்தாவோடு திரும்பிப் போகிறான். முழங்காலுக்கு மேல் நிற்கும் அரைக்கால் சட்டை, கை இல்லாத பனியன், காலில் ரப்பர் செருப்பு. அவனைப் பார்த்தால் பாரீசுக்குப் போகிறவனாகத் தெரியவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கக் கிளம்பினவன் போல இருந்தான். பெரியப்பா அவன் காலைப் பார்ப்பதும், பெருமூச்சு விடுவதும், வெளியே தென்னந்தோப்பைப் பார்ப்பதுமாக வந்தார்.

விமான நிலையத்துக்குள் நடந்ததைப் பேரன்தான் பிறகு போனில் சொன்னான். பாதுகாப்புச் சோதனையில் கோட்டு ஒரு தட்டில் போனது. சப்பாத்து இன்னொரு தட்டில். டை ஊசி கூவியது, அதுவும் போனது. கடைசியில் பெல்ட். பெரியப்பாவுக்கு அந்த வருடம் சர்க்கரையால் உடம்பு கொஞ்சம் இளைத்திருந்தது, கால்சட்டை இளைக்கவில்லை. இடது கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வலது கையை மட்டும் உயர்த்தினார். காவலர் இரண்டு கையையும் உயர்த்தச் சொன்னார். பெரியப்பா அவருடைய முகத்தைப் பார்த்தார், தன் இடுப்பைப் பார்த்தார், கைகளை முறை மாற்றி உயர்த்தினார். ராணுவத்தில் இருந்தவர், எதிரியின் முன்னால்கூட அவர் அப்படி நின்றிருக்க மாட்டார். ரப்பர் செருப்புப் பேரன் ஒரு சத்தமும் எழாமல் அந்தப் பக்கம் போய், தாத்தாவின் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

ஆனாலும் பெரியப்பா கட்சி மாறவில்லை. 2025 நவம்பரில் அவருக்குப் பெரிய இடத்திலிருந்து ஆதரவும் கிடைத்தது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை அமைச்சர் ஷான் டஃபி, விமானப் பயணத்தின் பொற்காலத்தை மீட்கப் போவதாக ஒரு பிரசாரம் தொடங்கி, பயணிகள் கொஞ்சம் மரியாதையாக உடுத்திக்கொண்டு வர வேண்டும், பைஜாமாவும் வீட்டுச் செருப்புமாக வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். ஜீன்சும் ஒழுங்கான ஒரு சட்டையும் போதுமாம். அமெரிக்க அமைச்சர் டை வேண்டாமென்று விட்டுக்கொடுத்ததில் மட்டும் பெரியப்பாவுக்கு வருத்தம்.

பொற்காலப் படங்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆண்கள் கோட்டும் தொப்பியுமாக, பெண்கள் கையுறையும் முத்துமாலையுமாகப் படி ஏறுவார்கள். அவர்கள் விமானத்துக்காக அப்படி உடுத்தவில்லை. விமானத்தில் ஏறக் காசு வைத்திருந்தவர்கள் எல்லா நாளும் அப்படித்தான் உடுத்தினார்கள். பொற்காலம் என்பதில் பொன் எங்கே இருந்தது என்றால் பயணச்சீட்டின் விலையில் இருந்தது. அதை வாங்க வீட்டிலிருக்கும் பொன்னை விற்க வேண்டும்.

இனி, விமான நிறுவனங்கள் உடை விதி போட்டபோது என்ன நடந்தது என்று பார்க்கலாம். அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் என்றொரு நிறுவனம். 2007இல் குட்டைப் பாவாடை போட்டுவந்த ஓர் இளம்பெண்ணைத் தடுத்து, இந்த உடை சரியில்லை, மூடிக்கொள்ளுங்கள் என்றது. விஷயம் தொலைக்காட்சிவரை போய் நாறியது. அப்போது பழைய ஆட்கள் ஞாபகப்படுத்தினார்கள்: 1971இல் இதே நிறுவனம் தொழிலுக்கு வந்தபோது பணிப்பெண்களுக்குக் கொடுத்த சீருடையே தொடையளவுக் குட்டைக் கால்சட்டைதான், அதைக் காட்டித்தான் விளம்பரமே செய்தது. சம்பளம் கொடுத்தால் கவர்ச்சி, சீட்டு வாங்கி வந்தால் ஆபாசம். கடைசியில் நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். அதோடு நின்றாரா? குட்டைப் பாவாடை பெயரிலேயே ஒரு கட்டணத் தள்ளுபடி அறிவித்து அதிலும் வியாபாரம் பார்த்தார். நம் ஊர் தீபாவளித் தள்ளுபடிக்காரர்கள் கால் தூசி பெறமாட்டார்கள்.

2017 மார்ச்சில் யுனைடெட் நிறுவனம் டென்வரில் இரண்டு சிறுமிகளை இறுக்கமான லெக்கிங்ஸ் போட்டிருந்தார்கள் என்று ஏற்ற மறுத்தது. உலகமே திட்டியது. நிறுவனம் பொறுமையாக விளக்கம் சொன்னது: அந்தப் பெண்கள் ஊழியர் குடும்பச் சலுகைச் சீட்டில் போகிறவர்கள், அவர்களுக்கு மட்டும்தான் உடை விதி, காசு கொடுத்த பயணிகள் தாராளமாக லெக்கிங்ஸ் போட்டுக்கொண்டு வரலாம். இதைப் படித்ததும் எனக்கு அந்த நிறுவனத்தின் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. உடை விதி என்பது என்ன என்று இவ்வளவு வெளிப்படையாக வேறு யாரும் சொன்னதில்லை. ஓசியில் வருகிறவன் ஒழுங்காக உடுத்த வேண்டும். காசு கொடுத்தவனுடைய ஒழுக்கம் சீட்டிலேயே சேர்ந்துவிடுகிறது.

ஸ்பிரிட் என்கிற நிறுவனத்தின் கதை இன்னும் அழகு. 2024 நவம்பரில் கடன் தாங்காமல் திவால் மனு போட்டது. இரண்டு மாதம் கழித்து, 2025 ஜனவரியில், உள்ளே தெரியும்படி உடுத்தியவர்களையும் ஆபாசமாகப் பச்சை குத்தியவர்களையும் ஏற்ற மாட்டோம் என்று விதி எழுதியது. தன் மானம் ஏலத்துக்குப் போகிற நேரத்திலும் பயணியின் மானத்தைக் காக்க நினைத்த மனசு யாருக்கு வரும்!

இந்தியாவில் நிலைமை நேர் எதிர். இங்கே விமானப் பயணத்துக்கு ஓர் உடை அடையாளம் உண்டு, அதைச் சொன்னது பிரதமரே. 2017 ஏப்ரலில் சிம்லாவில், சின்ன ஊர்களை விமானத்தால் இணைக்கும் உடான் திட்டத்தின் முதல் விமானத்தைத் தொடங்கிவைத்தபோது, ஹவாய் செருப்பு போட்டவர்களையும் விமானத்தில் பார்க்க ஆசைப்படுகிறேன் என்றார். அமெரிக்காவில் அமைச்சர் எந்தச் செருப்பை வேண்டாம் என்கிறாரோ அதையேதான் இந்திய அரசு அதிகாரபூர்வமாக வரவேற்கிறது. ரப்பர் செருப்புப் பேரனுக்கு இது தெரியாது. தெரியாமலே மத்திய அரசின் கொள்கையைக் காலில் மாட்டிக்கொண்டு பாரீசுக்கும் சென்னைக்கும் அலைந்துகொண்டிருக்கிறான்.

அந்தத் திட்டத்தில்தான் அதே ஆண்டு ஆகஸ்டில் புதுச்சேரிக்கும் ஐதராபாத்திலிருந்து விமானம் வந்தது. அதற்கு முன்பும் எங்கள் லாஸ்பேட்டை நிலையத்துக்கு விமானங்கள் வந்திருக்கின்றன. பிறகு நின்றும் இருக்கின்றன. வருவதும் நிற்பதுமாக, சம்பந்தி வீட்டுக்காரர்கள் மாதிரி. ஓடுதளம் சுமார் 1,500 மீட்டர்தான். பெரிய ஜெட் விமானங்களுக்குப் போதாது. காற்றாடி வைத்த சிறிய ஏடிஆர் விமானங்கள் இறங்கும். கடைசியாக 2024 டிசம்பர் 20இல் இண்டிகோ பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் ஓட்டத் தொடங்கியது. எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தெரியாத விமானத்துக்குக் கோட்டைத் துவைத்து இஸ்திரி போட்டு வைப்பது எப்படி என்பது பெரியப்பா இன்னும் பதில் சொல்லாத கேள்வி.

உடைக்கும் காலணிக்கும் சண்டை போட்டு ஜெயித்த ஊர் என்ற பெருமை எங்களுக்கு 150 வருடமாக இருக்கிறது. அமெரிக்க அமைச்சருக்கு யாராவது இதை எடுத்துச் சொன்னால் நல்லது. 1873இல் புதுச்சேரி நீதிமன்றத்தில் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்றொரு வக்கீல். அந்தக் காலத்து வழக்கப்படி இந்திய வக்கீல்கள் இந்திய உடையில்தான் வர வேண்டும், இந்திய உடைக்கு ஐரோப்பியச் சப்பாத்து பொருந்தாது, ஆகவே அதைப் போட்டுக்கொண்டு உள்ளே வரக் கூடாது. பொன்னுத்தம்பிப் பிள்ளை போட்டுக்கொண்டு வந்தார். நீதிபதி தடுத்தார். இவர் விடவில்லை. சப்பாத்து வழக்கு கடல் தாண்டிப் பாரீசின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள் ஒரு தமிழ் வக்கீலின் காலைப் பற்றி யோசித்து, அவர் பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள்.

கொஞ்சம் நிறுத்தி யோசித்தால் இதிலுள்ள வேடிக்கை புரியும். இன்றைய சண்டையெல்லாம் ஒழுங்கான காலணி போடாமல் வருகிறவரைப் பற்றி. அன்றைய சண்டை ஒழுங்கான காலணி போட்டு வந்தவரைப் பற்றி. வெள்ளைக்காரன் சப்பாத்து போட்டால் கண்ணியம். அதே கடைச் சப்பாத்தை நம்மவர் போட்டால் திமிர். எந்தக் காலத்திலும் எந்தக் கதவிலும் உடை விதி துணியையோ தோலையோ பார்த்ததில்லை. உள்ளே இருப்பவர் யார் என்றுதான் பார்த்திருக்கிறது. பொன்னுத்தம்பிப் பிள்ளை அதைச் சரியாகப் புரிந்துகொண்டவர். அதனால்தான் சப்பாத்தோடு நிற்காமல், பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் சம உரிமை கேட்கும் இயக்கத்துக்கே தலைமை தாங்கினார்; 1881இல் அதற்கான ஆணை வந்தபோது லாப்போர்த் என்று குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டார்.

பிரெஞ்சுக்காரர்கள் 1954இல் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். தொப்பியை விட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் காவலர்கள் இன்றும் அந்தச் சிவப்புத் தொப்பியோடுதான் கடற்கரைச் சாலையில் நிற்கிறார்கள், சுற்றுலாக்காரர்கள் அதோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்து வீராம்பட்டினத்தில் செங்கழுநீரம்மனுக்கு ஆடி மாதத் தேர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்துத் தொடங்கிவைப்பார். இன்று துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் அதைச் செய்கிறார்கள். வந்த கவர்னர்களில் யாருடைய கால்சட்டையைப் பற்றியும் அம்மன் முறையிட்டதாக ஊரில் பேச்சில்லை. தமிழ்நாட்டில்தான் 2016 ஜனவரி முதல் தேதியில், உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவுப்படி, ஜீன்ஸ், லுங்கி, பெர்முடா, லெக்கிங்ஸ் போட்டவர்களைக் கோயில் வாசலில் நிறுத்தினார்கள். சில மாதத்தில் அந்த உத்தரவே ரத்தானது. அதற்குள் வாசலில் வேட்டி வாடகைக்கு விட்டவர்கள் நாலு காசு பார்த்திருப்பார்கள்.

வேட்டிக்கும் ஒரு வீர வரலாறு உண்டு. 2014 ஜூலையில் சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு நூல் வெளியீடு. வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை, உடை விதிப்படி இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊருக்கே தீர்ப்புச் சொல்கிறவருக்குக் கிளப் வாசல்காரர் தீர்ப்புச் சொன்னார். சட்டமன்றம் கொதித்தது. ஜெயலலிதா அரசு ஆகஸ்டிலேயே சட்டம் கொண்டுவந்தது: வேட்டி கட்டியதற்காகப் பொது இடத்தில் யாரையும் தடுத்தால் ஓராண்டு சிறை, 25,000 ரூபாய் அபராதம்.

அது தமிழ்நாட்டுச் சட்டம். நோணாங்குப்பத்திலிருந்து கடலூர் சாலையில் தெற்கே போனால் தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், பிறகு முள்ளோடை. அங்கே புதுச்சேரி முடிகிறது. முள்ளோடையைத் தாண்டின நொடியில் நம் வேட்டிக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிடுகிறது; வேட்டி மடிப்பில் இருக்கும் குப்பிக்கு அது போய்விடுகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற இந்தியக் கூட்டாட்சியில் இன்னும் வழி செய்யப்படவில்லை. வானமோ மத்திய அரசின் கையில்.

சட்டம் இருந்தென்ன, இல்லாமல் என்ன? வேட்டியில் விமானம் ஏறிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஒருமுறை வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டையோடு ஓர் உள்நாட்டு விமானத்துக்குப் போனேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கவுண்டரில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்து, மிகுந்த கனிவோடு, "அங்கிள், வீல் சேர் சொல்லட்டுமா?" என்றது. நடையில் கோளாறில்லை அம்மா, நாலு முழம் கட்டியிருக்கிறேன், அவ்வளவுதான் என்றேன். பிறகு வேறொரு சமயம் என் மச்சானோடு போனேன். மச்சான் ஒரு கட்சியில் வட்டச் செயலாளர். கட்டியிருந்தது கரை வேட்டி. அதே மாதிரிக் கவுண்டர், அதே மாதிரிப் பெண். மச்சானுக்கு "வாங்க சார்", முதல் வரிசை ஜன்னல், கால் நீட்ட இடம். துணி ஒன்றுதான், ஓரத்தில் ஓடிய இரண்டு அங்குலக் கரைதான் வித்தியாசம். அந்த இரண்டு அங்குலத்தின் சக்தி தெரிந்துதான் கடைகளில் தேர்தல் நேரத்தில் அது தனி ரகமாகத் தொங்குகிறது.

இந்த வரிசையில் கடைசியில் நிற்பது பாவம் கைலி. வேட்டிக்குச் சட்டம் இருக்கிறது, அரைக்கால் சட்டைக்கு நாகரிகம் இருக்கிறது, பைஜாமாவைப் பற்றிப் பேச அமெரிக்க அமைச்சரே இருக்கிறார். கைலிக்கு யாரும் இல்லை. ஆனால் நெடுந்தூர விமானத்துக்கு அதைவிடப் பொருத்தமான உடை உலகத்தில் தைக்கப்படவில்லை. தைக்கத் தேவையும் இல்லை, இரண்டு ஓரத்தையும் மூட்டினால் போதும். சாப்பாடு ஆனதும் ஒரு சுற்றுத் தளர்த்தலாம். குளிர்ந்தால் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அவர்கள் தரும் கர்ச்சீப் அளவுப் போர்வையைப் பக்கத்து சீட்டுக்குத் தானம் செய்யலாம். உள்ளே ஓர் அரைக்கால் சட்டை போட்டுக்கொள்வது மட்டும் அவசியம். தூக்கம் எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாது. பாரீசு விமானத்தில் விளக்கணைந்த பிறகு எத்தனை சொல்தாக்கள் கழிவறைக்குள் கோட்டோடு போய்க் கைலியோடு வெளியே வருகிறார்கள் என்று பேரனைக் கேளுங்கள், சொல்வான். பெரியப்பாவின் கைப்பையிலும் ஒன்று உண்டு. நீலத்தில் கட்டம் போட்டது. பாரீசு இறங்க அரை மணி இருக்கும்போது மறுபடி துரை ஆகிவிடுவார்.

அதற்காக விமானம் பயணியின் உடையைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் ஊரிலேயே ஓர் உடை விதி இருக்கிறது. அதை எதிர்த்து யாரும் வழக்குப் போட்டதில்லை. சுண்ணாம்பாற்றுப் படகுத் துறைக்கு வந்து பாருங்கள். பாரடைஸ் கடற்கரைக்குப் போக வரிசையில் நிற்பார்கள். சேலத்திலிருந்து வந்த புதுமணப் பெண் பட்டுப் புடவையில் இருப்பாள், தலையில் மல்லிகை வாடியிருக்காது. பெங்களூர்ப் பையன்கள் அரைக்கால் சட்டையில் இருப்பார்கள். பிரெஞ்சுக்காரப் பாட்டி பருத்திச் சுடிதாரில் இருப்பார். எல்லோர் தலை வழியாகவும் ஒரே ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டை இறங்கும். மாப்பிள்ளை, புது மனைவியின் தாலிச்சங்கிலி சிக்காமல் முன்கொக்கியை மாட்டிவிடத் திணறுவார். படகுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "தள்ளுங்க சார்" என்று ஒரே இழுப்பில் மாட்டிவிட்டுப் போவார். பட்டுக்கு ஆரஞ்சு பொருந்தவில்லை என்று அங்கே எந்தப் பெண்ணும் இறங்கிப் போனதில்லை. கழிமுகத்துத் தண்ணீருக்கு உங்கள் சாதி, சம்பளம், கரை எதுவும் தெரியாது. படகுக்காரர் அதை மட்டும் மனசில் வைத்து உடுத்திவிடுகிறார்.

விமானத்திலும் அதே சட்டை சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அதைக் காட்டும்போது நாம் போனைப் பார்த்துக்கொண்டிருப்போம். உடையைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டிய இடம் அதுதான். 44 பேருக்கு மேல் அமரும் விமானம் எதுவானாலும், பாதிக் கதவுகளை மட்டும் திறந்து 90 நொடிக்குள் எல்லோரையும் வெளியேற்ற முடியும் என்று நிரூபித்தால்தான் அதற்குச் சான்றிதழ். அந்த 90 நொடியில் உயர்குதி செருப்பு சறுக்குப் பையைக் கிழிக்கும். கழன்று விழும் ரப்பர் செருப்பு, கண்ணாடித் துண்டும் சூடான தகரமும் கிடக்கும் தரையில் வெறுங்காலாக விட்டுவிடும். நைலான் வகைத் துணி தீயில் உருகித் தோலோடு ஒட்டும், பருத்தி அப்படி ஒட்டாது. 2024 ஜனவரி 2இல் டோக்கியோவின் ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் தரையிறங்கும்போது மோதித் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். பெட்டியை எடுக்காமல் சொன்னபடி கேட்டார்கள், அதனால் வந்தார்கள். யார் பைஜாமாவில் வந்தார் என்று அன்று யாரும் குறித்துவைக்கவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். என் உயிரைக் காப்பாற்ற நிறுவனம் எதை உடுத்தச் சொன்னாலும் உடுத்துவேன், ஆரஞ்சானாலும் சரி. நிறுவனத்தின் கௌரவத்தைக் காப்பாற்ற ஒரு பித்தான்கூடப் போட மாட்டேன். கால் மடக்க இடமில்லாமல் சீட்டை நெருக்கிப் போட்டு, தண்ணீருக்குக் காசு வாங்கி, இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்புகிறவர்கள் என் சட்டைக் காலரில் கண்ணியத்தைத் தேடினால் அது கிடைக்காது.

பக்கத்து சீட்டுக்காரருக்குத் தொல்லை தருவது உடையே அல்ல என்பதும் விமானத்தில் போனவர்களுக்குத் தெரியும். கோட்டும் டையும் போட்ட பெரிய மனிதர் ஒருவர், விமானம் மேலே ஏறின கையோடு சப்பாத்தைக் கழற்றுவார். அதோடு விடமாட்டார். காலுறையையும் கழற்றி முன்சீட்டுப் பைக்குள் செருகுவார். சுற்றி நாலு வரிசைக்கு அதற்குப் பிறகு சாப்பாடு இறங்காது. எங்கள் ஊரிலிருந்து பாரீசுக்குக் கருவாடு போகிறது; பெரியம்மா அதை ஏழு சுற்றுப் பிளாஸ்டிக் தாளில் கட்டி, மேலே ஒரு பழைய துண்டைச் சுற்றி, பெட்டியின் அடியில் வைப்பாள். அதற்கு இருக்கிற பொறுப்புணர்ச்சி அந்தக் காலுறைக்கு இல்லை. பயணிகளைத் திருத்தியே ஆக வேண்டும் என்று விமான நிறுவனங்களுக்குக் கை அரித்தால் அங்கிருந்து தொடங்கட்டும், நானே முதல் கையெழுத்துப் போடுகிறேன்.

மற்றபடி நீங்கள் கைலியோ கோட்டோ எதை வேண்டுமானாலும் உடுத்திக்கொண்டு ஏறுங்கள். பருத்தியாக இருந்தால் நல்லது. செருப்புக்கு வார் இருக்கட்டும். காலுறையை மட்டும் தயவுசெய்து கழற்றாதீர்கள்.